இடதுபக்கச் சினைப்பை

"சார், இடதுபக்கச் சினைப்பையைக் காணோம்" என்று லேப் அக்கா சொன்னபோது விலங்கியல் வாத்தியாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"காணோம்னா? கால் முளைச்சு நடந்து போயிடுச்சா?"

"பொம்பளைப் பொம்மையைக் கழுவினேன் சார். ஒட்டு விட்டிருந்தது போல. தொட்டியில விழுந்து தண்ணியோட போயிடுச்சு. இன்னொண்ணு பத்திரமா இருக்கு. ஒண்ணு போதாதா?"

"போதாதாவா! உங்களுக்கென்னக்கா தெரியும்!"

பாவம், அவர் கவலை அவருக்கு. இன்னும் அரை மணி நேரத்தில் புதுக் கல்வி அதிகாரியம்மா வகுப்பைப் பார்க்க வருகிறார். சரியில்லை என்று அவர் எழுதிவிட்டால், பதினாறு வருஷமாக வாத்தியாரின் இடுப்பில் தொங்கும் ஆய்வகச் சாவி வேதியியல் வாத்தியார் கைக்குப் போய்விடும். மற்றவர்கள் இனப்பெருக்கப் பாடம் வந்தாலே "வீட்டுல படிச்சுக்கோங்க" என்று நழுவுவார்கள். இவரோ அந்தப் பாடத்துக்காகவே வருஷம் முழுக்கக் காத்திருப்பவர். உள்ளங்கையில் அடங்கும் கருப்பை ஒரு முழுப் பிள்ளைக்கு இடம் கொடுத்துவிட்டு, பிறகு ஒன்றுமே நடக்காததுபோலச் சுருங்கிக்கொள்வதைச் சொல்லும்போது இன்றைக்கும் அவருக்குக் குரல் தழுதழுக்கும்.

சினைப்பை பாதாம்பருப்பு அளவுதான். அக்காவின் டப்பாவிலிருந்தே ஒரு பாதாமை வாங்கி ஒட்டினார். அச்சு அசலாக இருந்தது. பசை காய்வதற்குள் எறும்பு வந்துவிட்டது. தட்டிவிட்டார். பாதாமோடு கருக்குழாயும் கழன்று விழுந்தது. அதை நூலால் கட்டிவிட்டு நிமிர்ந்தவரின் கண்ணில் அலமாரியிலிருந்த ஆண் பொம்மை பட்டது. அதற்கு விந்தகம் இரண்டும் இருந்தன.

வாத்தியார் கதவைச் சாத்தினார்.

"ஐயய்யோ, அது ஆம்பளை சார்!"

"கருவுல ஆறு வாரம் வரைக்கும் ரெண்டும் ஒரே மாதிரிதான்க்கா. அப்புறம்தான் ஒண்ணு விந்தகமாகும், ஒண்ணு சினைப்பையாகும். சொந்தக்காரங்கதான், கோச்சுக்காது."

"அந்தம்மாகிட்ட இது செல்லாது சார். எதையும் கண்ணால பார்த்தாத்தான் நம்புவாங்க."

அது உங்களுக்கெப்படித் தெரியும் என்று கேட்க வாத்தியாருக்கு நேரமில்லை. விந்தகத்தைச் செருகிவிட்டு, ஆண் பொம்மையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்.

அதிகாரியம்மா வகுப்பு நடக்கும் ஆய்வகத்துக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை. ஆனால் பாடம் தொடங்கியதும் வாத்தியார் தன்னை மறந்துவிட்டார்.

"மூளைக்கு அடியில பட்டாணி அளவுல பிட்யூட்டரி. அது அனுப்புற ஹார்மோன்கள்ல ஒண்ணு, ஆணுக்குள்ள போனா விந்தணுவை உண்டாக்க உதவுது, பெண்ணுக்குள்ள போனா முட்டையை வளர்க்குது. சரக்கு ஒண்ணு, விலாசம்தான் வேற! என்ன ஏற்பாடுடா இது!"

சொன்ன வேகத்தில் பொம்மையைத் தூக்கிக் காட்டினார். டக்கென்று எதுவோ விழுந்து, உருண்டு, அதிகாரியம்மாவின் செருப்பருகே போய் நின்றது.

அவர் குனிந்து எடுத்தார். "இது யாரோடது?"

முன்பெஞ்சு மாணவி எழுந்தாள். "சுவரைப் பாத்துட்டு நிக்கிறாரே, அவரோடது மேடம்!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. வாத்தியார் அசடு வழிய எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

"சரி" என்றார் அதிகாரியம்மா. "நிஜ உடம்புல ஒரு சினைப்பை போயிட்டா என்ன ஆகும்?"

"மிச்சமிருக்கிறது ரெண்டு பேர் வேலையையும் தானே இழுத்துப் போட்டுச் செய்யும் மேடம். மனுஷ உடம்பைக் கையெடுத்துக் கும்பிடணும். பிள்ளை பெத்துக்க ஒண்ணே..." அக்கா காலையில் சொன்னது ஞாபகம் வந்து வாத்தியார் ஒரு கணம் நின்றார். "ஒண்ணே போதும்."

"புத்தகத்துல இருக்கு. நேர்ல பார்த்த சாட்சி உண்டா? இல்லேன்னா, உடைஞ்ச பொம்மையை வச்சு ஒப்பேத்தினார்னுதான் நான் எழுதணும்."

வாத்தியாரின் கை இடுப்புச் சாவியைத் தடவியது. அப்போது தொட்டிப் பக்கத்திலிருந்து ஈரக் கையைத் துடைத்தபடி லேப் அக்கா முன்னால் வந்தார்.

"சாட்சி நான் இருக்கேன் சார். பதினெட்டு வயசுலயே எனக்கு ஒண்ணை ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க. மிச்சமிருந்த ஒண்ணுல பொறந்தவதான் இப்போ உங்களை இந்தக் கேள்வி கேக்குறா!"