கல்லாய் இறுகிய நத்தை

பெண் பார்க்கப் போகிற வீட்டில் சொந்தப் படிப்பைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. எண்பதுகளின் தொடக்கத்தில் இதை யாராவது எனக்குச் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அப்போது நான் நிலவியல் ஆராய்ச்சி மாணவன். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்து, கல்லாகிப்போன நத்தைகளை அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறைகளில் தேடுவதுதான் என் வேலை. (வீட்டில் இதற்குக் 'கல்லுப் பொறுக்குறது' என்று பெயர்.)

பெண் வீடு திருமங்கலத்தில். காபியை நீட்டியபோது செல்வி ஒரு பார்வை பார்த்தாள். கட்டினால் இவளைத்தான் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். அவளுடைய அப்பா விவசாயி. அவரை அசத்திவிட வேண்டுமென்று நானே பேச்சைத் தொடங்கினேன்.

"நாலு வருசமா நத்தை தேடி அலையுறேன் மாமா."

அவர் முகம் மாறியது. "நாலு வருசமாவா? நம்ம வயக்காட்டுலயே எம்புட்டோ கெடக்கே தம்பி!"

"அதெல்லாம் எனக்குச் சரிப்படாது. நல்லாக் கல்லா இறுகிப் போயிருக்கணும்."

அவர் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டு, குரலைத் தாழ்த்தினார். "அப்ப... மூலமா?"

ஜாதகம் அடுத்த வாரம்தான் பார்ப்பதாக இருந்தது. அதற்குள் நட்சத்திரம் கேட்கிறாரே, என்னைப் பிடித்துப்போய்விட்டது போலிருக்கிறது என்று எனக்கு ஒரே பூரிப்பு.

"ஆமா மாமா, பொறந்ததுலருந்தே மூலந்தான். எங்கப்பாவுக்கும் மூலந்தான்!"

"தம்பிக்கு உடம்பு தேறட்டும், பெறகு பேசுவோம்" என்று தகவல் வந்தபோதுதான் உறைத்தது. நத்தைக் கறி மூல நோய்க்கு மருந்து என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். (தெரிந்து என்ன பிரயோசனம்?)

விடுவேனா? கல் நத்தை ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு, மறுநாளே மதுரை வில்லாபுரத்திலிருந்த எங்கள் வீட்டிலிருந்து கிளம்பிப் போனேன். நான் சொன்ன மூலம் நட்சத்திரம், நான் தேடும் நத்தை இந்தக் கல் என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். அவர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புரியுது தம்பி. நோவு வாரது மனுசனுக்குச் சகஜம், இதுல என்ன வெக்கம்? ஒங்களுக்குக் குடுத்துவிடத்தான் ஆக்கச் சொன்னேன். நீங்களே வந்துட்டீங்க" என்று இலையைப் போட்டார். வயலில் பொறுக்கிய நத்தை, மிளகு தூக்கலாக வறுத்தது.

சாப்பிட்டால் நோயை ஒப்புக்கொண்டதாகும். சாப்பிடாவிட்டால் இந்த வீட்டுப் பெண் கிடைக்க மாட்டாள். அடுப்படிக் கதவோரம் செல்வி நின்றிருந்தாள். மானம் போனால் போகட்டும் என்று இலையை வழித்துச் சாப்பிட்டேன்.

"பாவம், இன்னும் கொஞ்சம் வைங்கப்பா" என்றாள் அவள். சிரிப்பை அடக்க அவள் பட்ட பாட்டிலேயே, அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று தெரிந்தது.

அடுத்த தையில் கல்யாணம். இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டோம். இன்றைக்கும் திருமங்கலத்து வீட்டில் நான் நுழைந்தால், என் மைத்துனன் "வாங்க மச்சான்" என்று சொல்வதற்கு முன்னால் நாற்காலியில் ஒரு தலையணையைப் போடுகிறான்.