ஐந்நூறு மணி நேரத் துரு

துரு சோதிக்கும் பெட்டியைத் திறந்த கிளெமென்ட், சட்டென்று மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தான். உள்ளே இரண்டு தகடுகள். ஒன்று புதுசு போலப் பளபளத்தது. இன்னொன்று முழுக்கத் துரு. துருப்பிடித்ததில்தான் அவன் கம்பெனியின் சீட்டு தொங்கியது.

கட்டடங்களின் வெளிச்சுவருக்குப் பெயின்ட் பூசிய தகடு செய்யும் கம்பெனி அது; பெங்களூர் பக்கம் பொம்மசந்திராவில் இருந்தது. ஒரு பெரிய ஆர்டர் தரவிருந்த ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்காரர்கள், இந்தக் கம்பெனித் தகட்டையும் போட்டிக் கம்பெனியின் தகட்டையும் ஐந்நூறு மணி நேரம் உப்புத்தண்ணீர்ச் சாரலில் தொங்கவிடச் சொல்லியிருந்தார்கள். ஆர்டர் கிடைத்தால்தான் கிளெமென்ட்டுக்கு வேலை நிரந்தரம். அந்த ஆபீஸின் ஆர்க்கிடெக்ட் ஷ்ரேயா முடிவு சொல்லப் பதினொரு மணிக்கு வருகிறாள்.

சீட்டை மாற்றிக் கட்டிவிட்டோமோ? பின்பக்கம் கம்பெனி முத்திரை இருக்குமே என்று துருவைத் துணியால் துடைத்தான். பெயின்ட்டும் சேர்ந்து வந்தது. பிரஷ் போட்டுத் தேய்த்தான். முத்திரை இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும். பளபளத்த தகட்டையோ, முத்திரை விழாத இடமாகப் பார்த்து வெட்டியிருந்தார்கள்.

மேனேஜர் வெங்கடகிருஷ்ணனிடம் போய் நின்றான். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சரியா கட்டினியா, மாத்திக் கட்டினியா?"

"சரியாத்தான் கட்டினேன்னு நினைச்சேன் சார். நீங்க கேட்டதும் மாத்திக் கட்டியிருப்பேன்னு தோணுது."

"அப்ப மாத்தித்தான் கட்டியிருக்கே."

கிளெமென்ட் சீட்டுகளை இடம் மாற்றினான். மனசு கேட்கவில்லை, பழையபடியே கட்டினான். மேனேஜர் வந்து பார்த்து முறைத்ததும் மறுபடி மாற்றினான். கடைசியில் எது பழையபடி, எது மாற்றியது என்பதே அவனுக்குக் குழம்பிவிட்டது. நல்ல தகடு நம்முடையது என்று மேனேஜரே ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டார். கிளெமென்ட்டுக்கு அதுவே நிஜம் என்று படத் தொடங்கியது.

ஷ்ரேயா சொன்ன நேரத்துக்கு வந்தாள். பளபளத்த தகட்டை ஒரு பார்வையோடு விட்டுவிட்டு, துருப்பிடித்ததை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அது போட்டிக் கம்பெனிக்காரன் சரக்கு மேடம்," என்றார் மேனேஜர். "ஐந்நூறு மணி நேரம்கூடத் தாங்கல."

ஷ்ரேயா சீட்டிலிருந்த பெயரை நிதானமாகக் குறித்துக்கொண்டாள்.

"அப்ப ஆர்டர் இவங்களுக்குத்தான் சார். கட்டடம் பார்க்கத் துருப்பிடிச்ச மாதிரியே இருக்கணும்; எது சீக்கிரம் துருப்பிடிக்குதுன்னு பாக்கத்தானே இந்த டெஸ்ட்டே கேட்டோம்."