டோரதிக்கு என்ன மீன் பிடிக்கும்?

சௌரஸ்தா பசாரில், வாவல் மீனுக்கும் கெம்போங் மீனுக்கும் நடுவே வில்லியம் விழித்துக்கொண்டு நின்றான். டோரதிக்கு எது பிடிக்கும் என்று அவனுக்குத் தெரியவில்லை.

டோரதி என்று ஒருத்தி உலகத்தில் இல்லை. அதுதான் தொல்லை.

அவள் வில்லியம் எழுதிக்கொண்டிருந்த கதையின் நாயகி. துறைமுகத்தில் மூட்டைக் கணக்கு எழுதும் கிராணி அவன். வாரப் பத்திரிகை நடத்தும் காஜா மொய்தீனிடம் எத்தனையோ கதைகளைக் கொண்டுபோய்க் கொடுத்து, அத்தனையையும் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தவன். கடைசிக் கதை முந்தின நாள்தான் திரும்பி வந்திருந்தது.

“கிராணியாரே, உம்ம கதாநாயகி நாலு பக்கம் நிக்காம அழுவுறா. ஒரு தடவையாவது மூக்கு சிந்துனாளா?” என்று கேட்டார் காஜா மொய்தீன்.

“இல்லீங்க ஐயா. கண்ணீர் மட்டும் முத்து முத்தா…”

“நாலு பக்கம் அழுது மூக்கு சிந்தாதவ மரப்பாச்சி. மனுஷி இல்லே. அவ எந்த ஊரு? எதைக் கண்டா பயம்? பசாருக்குப் போனா என்ன மீன் வாங்குவா?”

“அதெல்லாம் கதையில வராதுங்களே.”

“கதையில வர வேணாம். உமக்குத் தெரியணும். தெரிஞ்சுக்கிட்டு வாரும்.”

ஆகவே ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு வில்லியம் பசாருக்கு வந்துவிட்டான்.

“டோரதி, வாவலா, கெம்போங்கா?”

வாய்விட்டே கேட்டுவிட்டான். தனியாக இருந்து இருந்து, மனசுக்குள் பேசுவது எது, வாயால் பேசுவது எது என்பதே அவனுக்குக் குழம்பிப்போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்குப் பிறகு அவன் வாய் திறப்பது பெரும்பாலும் கொட்டாவி விடத்தான்.

“யாரு தம்பி டோரதி?”

திரும்பினான். கூடையும் கையுமாக நவமணி அக்கா நின்றுகொண்டிருந்தாள். கீழே அவள் குடியிருந்தாள், மாடி அறையை அவனுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் இருவருக்கும் இடையே நடந்த பேச்செல்லாம், “வாடகை, அக்கா”, “வச்சுட்டுப் போங்க தம்பி” என்பதோடு சரி.

கதை எழுதுகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தலையில் நரை எட்டிப் பார்க்கிற வயசில் கதையா என்று கேட்டுவிட்டால்?

“வீட்டுல…” என்று இழுத்தான்.

“வீட்டுலயா? எங்க வீட்டு மாடியிலயா?”

“இங்க இல்லக்கா. அவங்க அம்மா வீட்டுல. கடலுக்கு அக்கரையில, நிபோங் திபால்ல.”

“சம்சாரமா!”

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் நவமணி அக்காவின் முகம் விளக்கேற்றியது போல மலர்ந்துவிட்டது. தன்னைப் பார்த்து ஒரு முகம் அப்படி மலர்ந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று வில்லியம் நினைத்துப் பார்த்தான். நினைவுக்கு எதுவும் வரவில்லை.

“ஆமாக்கா. போன லீவுல. அவசரமா நடந்துச்சு.”

“சரி, அவதான் அங்க இருக்காளே. மீன் யாருக்கு?”

“பழகிக்கலாம்னு…”

அக்கா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வாவலை எடுத்துத் தன் கூடையில் போட்டுக்கொண்டாள். “நான் ஆக்கித் தர்றேன். உங்க கையில குடுத்தா மீனு ரெண்டாந்தடவை சாகும்.”

அன்று மத்தியானம் மாடிக்குச் சுடச்சுட மீன் கறி வந்தது. வில்லியம் தட்டை வழித்துச் சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்ததும் கதைத்தாளை எடுத்து, ‘டோரதிக்கு வாவல் பிடிக்கும்’ என்று எழுதினான்.

சாயங்காலம் தெருமுனையில் ஹனீபாவின் கோப்பிக்கடைக்குப் போனபோது, சேதி அவனுக்கு முன்னால் வந்து பெஞ்சியில் உட்கார்ந்திருந்தது.

“வாங்க மாப்பிள்ளே!” என்று கூவினார் ஹனீபா. “கட்டுன பொண்டாட்டியை நிபோங் திபால்ல விட்டுட்டு, இங்க தனியா என்ன பண்றீங்க?”

ஏதாவது சொல்லியாக வேண்டுமே. “எங்க மாடிப்படி செங்குத்தா இருக்குதுண்ணே. அவளுக்கு உயரம்னா பயம்.”

மறுநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால், மாடிப்படிக்குப் புதுக் கைப்பிடி போட்டுக்கொண்டிருந்தான் தச்சன். “இனிமே பயமில்லாம ஏறலாம். கடிதம் போட்டு வரச் சொல்லுங்க,” என்றாள் நவமணி அக்கா.

“ஃபெர்ரின்னாலும் பயம்க்கா. தண்ணியைப் பார்த்தா மயக்கம் வந்துரும்.”

இது ஹனீபாவின் காதுக்குப் போயிற்று. “ஃபெர்ரியில என் மச்சான் வேலை செய்றான் லா! தண்ணி கண்ணுலயே படாம நடுவுல உட்கார வச்சுக் கூட்டியாந்துருவான்.”

“அவங்க அப்பா இப்போ அனுப்ப மாட்டேங்கறாருண்ணே.”

“அப்பாவுக்கு என்ன வேலை?”

“தோட்டத்து ஆஸ்பத்திரியில மருந்து கட்டுற டிரஸ்ஸர்.”

“எந்தத் தோட்டம்?”

வில்லியத்துக்கு இருமல் வந்தது. எத்தனை நேரம்தான் ஒருவன் இருமிக்கொண்டே இருக்க முடியும்? நல்லவேளையாக ஹனீபாவின் மனைவி நூர்ஜான் உள்ளேயிருந்து வந்து, அவன் முன்னால் டீக் கிளாஸை டக்கென்று வைத்தாள். “தோட்டம் எங்கயும் ஓடிறாது. டீ ஆறிரும், குடிங்க தம்பி,” என்றாள். அதிகம் பேசாதவள். வில்லியம் மனசுக்குள் அவளுக்கு நன்றி சொன்னான்.

இப்படியே வாரங்கள் ஓடின. தெருவே டோரதியைப் பற்றி விசாரித்தது. பாடுவாளா? கோபம் வந்தால் பேசாமல் இருப்பாளா, பாத்திரத்தை உருட்டுவாளா? ஒவ்வொரு கேள்விக்கும் வில்லியம் ஒரு நொடி திகைப்பான். பிறகு பதில் தானாக வந்து விழும். பாடுவாள், ஆனால் பாட்டு வரிகளை மாற்றிப் பாடுவாள். கோபம் வந்தால் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வாள், சிரிப்பு வந்துவிட்டால் தோள் குலுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். தனியாக உட்கார்ந்து யோசித்தபோது ஒரு எழுத்தும் வராதவனுக்கு, யாராவது கேட்டால் அவளைப் பற்றி எல்லாம் தெரிந்தது.

கேட்டதற்குச் சொன்னதை மாடிக்குப் போய் எழுதினான். சில நாள் வேலையிலிருந்து வேகமாக நடந்து வருவான். கைப்பிடியைப் பிடித்துப் பாதிப் படி ஏறிய பிறகுதான், எதற்கு இந்த அவசரம், மேலே யார் இருக்கிறார்கள் என்று நினைவு வரும். மீதிப் படிகளை மெல்ல ஏறுவான்.

காஜா மொய்தீன் கதையை வாங்கிப் படித்தார். முதல் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசிப் பக்கத்தில் சிரித்தார்.

“கிராணியாரே, இவ மூக்கு சிந்துறா! இனி வாராவாரம் இவளைப் பத்தி எழுதும்.”

‘கடற்காகம்’ என்ற புனைபெயரில் கதை அச்சாயிற்று. புனைபெயர் வைத்துக்கொள்ளத் தெரிந்தவனுக்கு, டோரதியின் பெயரை மாற்றத் தோன்றவில்லை. வேறு பெயர் வைத்தால் அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள் என்று இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோப்பிக்கடையில் ஹனீபா பத்திரிகையை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். வில்லியத்தைக் கண்டதும் மேஜையில் ஓங்கி அடித்தார்.

“தம்பி! எவனோ கடற்காகமாம். உங்க வீட்டு விஷயத்தை அப்படியே எழுதியிருக்கான்! உயரம்னா பயமாம், ஃபெர்ரின்னா மயக்கமாம். ஜன்னல்ல காதை வச்சுக் கேட்டிருக்கான் பாவி. நாளைக்கே அச்சாபீசுக்குப் போயி அவன் றெக்கையைப் பிச்சுர்றேன்!”

“வேணாம்ண்ணே! அது வேற டோரதியா இருக்கும்.”

“வேற டோரதிக்கும் அப்பா டிரஸ்ஸரா?”

“டிரஸ்ஸருங்க நிறைய பேரு இருக்காங்கண்ணே.”

தப்பித்தோம் என்று நினைத்தான். ஆனால் அடுத்த வாரக் கதையில் டோரதியின் அம்மாவைக் கணவன் பழித்துப் பேச, இருவருக்கும் சண்டை. சண்டை இல்லாத குடும்பத்தை யார் நம்புவார்கள் என்று அவனே சேர்த்தது. பத்திரிகை வந்த அன்று நவமணி அக்கா மாடிப்படியிலேயே வழிமறித்தாள்.

“அவ அம்மாவைப் பத்தி அப்படிப் பேசலாமா தம்பி? எந்தப் பொண்ணு பொறுத்துக்குவா? அதான் அவ வர மாட்டேங்கறா!”

“அக்கா, அது கதை…”

“என்ன கதையோ! வர்ற ஞாயித்துக்கிழமை நாங்க எல்லாரும் போறோம். நான், ஹனீபா பாய், நூர்ஜான். நீங்களும்தான். பேசிக் கூட்டியாந்துருவோம். ஃபெர்ரி இறங்கினதும் அந்தப் பக்கத்துல கார் பேசியாச்சு. வழியில சாப்பிட நூர்ஜான் கட்டித் தர்றா.”

வில்லியத்துக்கு வியர்த்துவிட்டது. நிபோங் திபாலில் எந்த வீட்டு வாசலில் போய் நிற்பது?

“போக முடியாதுக்கா. அவளுக்குக் காய்ச்சல்.”

“காய்ச்சலா? அப்படின்னா ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்கக் கூடாது. நாளைக்கே கிளம்புவோம்!”

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். வழி இரண்டுதான். உண்மையைச் சொல்லலாம். சொன்னால் அவன் பழையபடி வாடகை கொடுக்கும் மாடி ஆள். பொய் சொன்ன மாடி ஆள், அது இன்னும் மோசம். மீன் கறி வராது. “வாங்க மாப்பிள்ளே” என்று யாரும் கூப்பிட மாட்டார்கள். இல்லையென்றால் டோரதி போக வேண்டும். போனாலும் எல்லாம் முடியும்தான், ஆனால் அவளுக்கு மரியாதையாக முடியும்.

அச்சாபீசுக்கு ஓடினான்.

“ஐயா, அடுத்த வாரம் அவ செத்துப்போறா.”

காஜா மொய்தீன் எழுந்தே விட்டார். “யாரைக் கேட்டு? இப்போதான் உயிரே வந்துச்சு அவளுக்கு! ஒரு வருஷம் ஓட்டலாம்னு பார்த்தேன். என்ன அவசரம்?”

“கார் பேசிட்டாங்க ஐயா,” என்றான் வில்லியம். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் விளக்குகிற நிலையிலும் இல்லை.

திரும்பி வந்து நவமணி அக்காவின் கதவைத் தட்டினான். “தந்தி வந்துச்சுக்கா. டோரதி போயிட்டா. அடக்கமும் முடிஞ்சுருச்சாம்.”

சொல்லும்போது வெறும் பொய்யாகத்தான் இருந்தது. சொல்லி முடித்ததும் மெய்யாகிவிட்டது. இனி யாரும் அவளைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். கேட்காவிட்டால், அவள் அடுத்து என்ன பாட்டை மாற்றிப் பாடுவாள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? நடு வாசலில் நின்று வில்லியம் விக்கி விக்கி அழுதான். மூக்கு ஒழுகியது. நவமணி அக்கா தன் முந்தானையை நீட்டினாள்.

அன்று மாலை தெருவே மாடி ஏறி வந்தது. அந்த அறைக்குள் ஒரே நேரத்தில் இரண்டு பேர்கூட இருந்ததில்லை. இப்போது கட்டிலில், பெட்டி மேல், வாசற்படியில் எல்லாம் ஆட்கள். புதுக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு ஹனீபா தலையைக் குனிந்து நின்றார். நவமணி அக்கா மெழுகுவர்த்தி ஏற்றி, முழந்தாளிட்டுச் செபம் சொன்னாள். டோரதியின் ஆத்துமாவுக்காகச் சொல்லுவாள் என்று வில்லியம் எதிர்பார்த்தான். ‘துணை இல்லாமல் இருக்கிற எல்லாருக்காகவும்’ என்று சொல்லி முடித்துவிட்டாள்.

“நாளையிலேருந்து சாப்பாடு கீழ எங்க வீட்டுலதான்,” என்றாள் எழுந்து. “தனியா உட்கார்ந்து திங்க வேணாம்.”

“கடைக்கு வராம இருந்துறாதீங்க தம்பி,” என்றார் ஹனீபா. “வரலேன்னா நான் மேல வந்துருவேன்.”

வில்லியத்தால் தாங்க முடியவில்லை. இவ்வளவு நல்லவர்களை ஏமாற்றிவிட்டோமே என்று நெஞ்சு குத்தியது. ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். டீக் கிளாஸ்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு நூர்ஜான் மட்டும் மிஞ்சினாள்.

“அக்கா,” என்றான் வில்லியம், தலையைத் தூக்காமல். “நான் உங்க எல்லாருகிட்டயும் ஒண்ணு சொல்லணும். டோரதி வந்து…”

நூர்ஜான் கடைசிக் கிளாஸையும் எடுத்து வைத்தாள். படியில் ஒரு காலை வைத்துத் திரும்பினாள்.

“அடுத்த சம்சாரத்தை எழுதும்போது நிபோங் திபால்ல மட்டும் வைக்காதீங்க தம்பி. அது நான் பொறந்து வளர்ந்த ஊரு; மொத நாள்லேருந்து ஒண்ணும் தெரியாத மாதிரி இருக்க, இந்தத் தெருவே பட்ட பாடு இருக்கே, அப்பப்பா!”