கரி ஒழிப்புக் கல்வெட்டுக்குத் தேவையான கரி

உலகத்தின் எரிசக்தி வரலாற்றை எழுதுகிறவர்கள் நீராவி எஞ்சினில் ஆரம்பித்து அணு உலையில் முடிக்கிறார்கள். இது பெரும் பிழை. மனிதகுலம் நிலக்கரியை விட்டுச் சூரியனுக்கு மாறிய மகத்தான திருப்பம், 1985ஆம் வருடம் ஐப்பசி மாதம் ஒரு புதன்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்கு, தர்மபுரி மாவட்டத்தில் இண்டூரைத் தாண்டி இருக்கும் மொட்டப்பாறைக் கொட்டாயில் நடந்து முடிந்துவிட்டது. சாட்சிக்கு அறிக்கை இருக்கிறது. மூன்று பிரதிகள்.

அந்தத் திருப்பத்தின் நட்டநடுவில், உலகம் திரும்புவது தெரியாமல் தன் பட்டறை வாசலில் குந்தியிருந்தவன் கொல்லன் மாயவன்.

மொட்டப்பாறையில் நாற்பது கல்லுடைக்கிற குடும்பங்கள். குடும்பத்துக்குப் பத்து உளி. காலையில் கூராகப் பாறைக்குப் போகிற உளி, பொழுது சாய்வதற்குள் மொண்ணையாகத் திரும்பி வரும். மாயவன் அதை உலையில் செருகிப் பழுக்கக் காய்ச்சி, அடித்து நுனி எடுத்து, தண்ணீரில் தோய்த்துத் தருவான். துருத்தி போடுவது அவன் பெண்சாதி தீர்த்தம்மாள். இந்த வேலைக்கு நிலக்கரிதான் வேண்டும். மரக்கரி என்றால் விடியலில் கொட்டிய மூட்டை வெயில் ஏறுவதற்குள் சாம்பல். அந்த மூட்டைக்கும் வத்தல்மலைக் காட்டிலாகாக்காரர் காலில் விழவேண்டும். நிலக்கரியோ தர்மபுரி டவுனில் அப்துல் சுபான் பாய் டிப்போவில் குவிந்து கிடந்தது. ஆனால் பர்மிட் இல்லாமல் பாய் ஒரு கட்டிகூடத் தரமுடியாது. பர்மிட்டில் கையெழுத்துப் போடும் பேனா ராஜாமணி அவர்களின் சட்டைப்பையில் இருந்தது.

ராஜாமணி அவர்கள் பல வருடங்களாக 'நிலக்கரி வழங்கல் அலுவலர்'. அந்த வருடம் அவர் அறைக்கதவில் 'மாற்று எரிசக்தி ஊக்க அலுவலர்' என்று இரண்டாவது பலகையும் ஏறியது. ஒரே நாற்காலியில் உட்கார்ந்து வலது கையால் கரி கொடுப்பதும் இடது கையால் கரியை ஒழிப்பதும் சாமானியர் செய்கிற காரியமா? ஆகவே அவர் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

மாயவன் ஆறு தடவை நடந்தான். ஆறாவது தடவை ராஜாமணி அவர்கள் அவன்மேல் இரக்கப்பட்டு ஒரு சொற்பொழிவு வழங்கினார். கப்பலும் ரயிலும் இரும்பாலையும் நிலக்கரியில் வளர்ந்த கதையை, சீமைத் தேசங்களின் புகைபோக்கிகளை எல்லாம் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"இப்பிடியே எரிச்சிக்கிட்டிருந்தா இன்னும் இருநூறு வருசத்துல மொத்தமும் தீந்துரும்யா."

"அதுவரைக்கும் மாசம் நாலு மூட்டை குடுத்தாப் போதுங்க சார்" என்றான் மாயவன்.

அறியாமையை மன்னிப்பது அரசு ஊழியரின் குணம். ராஜாமணி அவர்கள் மன்னித்தார். மாயவன் தலைக்கு மேலே சுற்றிய காத்தாடியை அண்ணாந்து பார்த்து, இதுக்குக் கரண்டு எங்கிருந்து வருதுங்க என்று கேட்டான். அனல் மின்நிலையத்தில் ரயில் ரயிலாகக் கரியைக் கொட்டி எரித்து வருவதாக அவர் பொறுமையாக விளக்கினார்.

"அப்ப அதும் கரிதானுங்களே?"

"அது திட்டம்யா. உன்னுது புகை."

பிறகு காரியத்துக்கு வந்தார். சென்னையிலிருந்து இணை இயக்குநர் தெரசா அம்மையார் 'புகையில்லாக் கிராமம்' ஒன்றைப் பார்வையிட வருகிறார். ஜீப் போகிற பாதை இருப்பதால் மொட்டப்பாறை தேர்வாகியிருக்கிறது. அன்றைக்கு ஊரில் ஒரு அடுப்பும் புகையக்கூடாது. பட்டறை முன்னால் சூரிய அடுப்பு வைத்து அம்மையாருக்குச் சோறு பொங்கப்படும். இரும்பை உருக்குகிறவன் பட்டறையே அடங்கிவிட்டது என்றால் அம்மையார் மனம் குளிரும். மாயவன் ஒத்துழைத்தால் மறுநாள் காலையில் பர்மிட்.

மாயவன் வூட்டுக்குத் திரும்பும்போது கிட்டத்தட்ட ஓடினான்.

புதன்கிழமை வந்தது. சூரிய அடுப்பும் வந்தது. உள்ளே கறுப்புப் பூசிய ஒரு பெட்டி, மேலே கண்ணாடி மூடி, மூடிக்குப் பின்னால் முகம் பார்க்கிற கண்ணாடி. உள்ளே கறுப்பு டப்பாவில் அரிசியும் தண்ணீரும். எல்லாம் வந்து சேர்ந்தன. சூரியன் மட்டும் வரவில்லை. வத்தல்மலையிலிருந்து இறங்கிய மேகம் ஊரின்மேல் ஈரக் கம்பளி போலக் கிடந்தது. பதினொரு மணிக்கு ராஜாமணி அவர்கள் மூடியைத் திறந்து பார்த்தார். அரிசி குளித்துவிட்டு ஓய்வாக இருந்தது.

அவர் டப்பாவைத் துண்டில் மறைத்துக்கொண்டு பட்டறைக்குள் நுழைந்தார். இதைக் கொஞ்சம் உலையில் காட்டு என்றார். புகை வரக்கூடாதுன்னீங்களே என்று மாயவன் தயங்க, பர்மிட் வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் கேட்டார். பேனாவையும் ஒரு தடவை தொட்டுக்கொண்டார்.

பட்டறையில் இருந்தது அரைக்கூடைக் கரி.

"நாளைக்கு உளிக்கு வெச்சதுங்க அது" என்றாள் தீர்த்தம்மாள்.

"இன்னைக்கு அதைப் போட்டா நாளைக்கு நாலு மூட்டை வருது. துருத்தியப் புடி."

பிடித்தாள். இருபது வருடம் எஃகைக் காய்ச்சிய கைக்கு ஒரே இழுப்புத்தான் தெரியும். அதே இழுப்பு இழுத்தாள். உளியைப் பார்த்த கண்ணுக்கும் ஒரே பக்குவம்தான் தெரியும். டப்பா எப்போது நிறம் மாறும் என்று மாயவன் பார்த்துக்கொண்டே இருந்தான். அடி இலேசாகச் சிவந்ததும் குறட்டால் கவ்வி எடுத்து, பழக்கதோஷத்தில் அப்படியே தண்ணீர்த் தொட்டிக்குக் கொண்டுபோனான். தீர்த்தம்மாள் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்திராவிட்டால், அன்று அம்மையார் நன்றாகத் தோய்ச்சல் ஏறிய சோறு சாப்பிட்டிருப்பார்.

ஜீப் வரும்போது டப்பா பெட்டிக்குள் இருந்தது. தெரசா அம்மையார் இறங்கியதும் வானத்தைப் பார்த்தார். பட்டறைக் கூரைக்குமேல் ஏதோ நெளிகிறதே என்றார்.

"வத்தல்மலை மேகம் மேடம். இந்தப் பக்கம் தாழ எறங்கும்."

"கறுப்பா இருக்கே?"

"மழை மேகம் மேடம்."

அம்மையார் நேர்மையானவர், ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார். சாப்பிட்டார். மென்றார். கொஞ்சம் தீய்ந்த வாடை வருகிறதே என்று மாயவனைப் பார்த்து, நிஜமாகவே இந்தப் பெட்டியில் வெந்த சோறுதானா என்று கேட்டார்.

மாயவன் அம்மையாரைப் பார்த்தான். ராஜாமணி அவர்களின் சட்டைப்பையைப் பார்த்தான். பாறைமேட்டில் கும்பலாக நின்ற கல்லுடைக்கிற சனங்களையும் பார்த்தான்.

"ஆமாங்கம்மா. சூரியன்லதான் வெந்துச்சு."

அப்போதுதான் அறிவியல் தன் பெரும் பாய்ச்சலை நிகழ்த்தியது. மேகம் மூடிய நாளிலேயே சோறு தீய்கிற அளவுக்குச் சூடு ஏறுகிறது என்றால், வெயில் அடிக்கிற நாளில் இரும்பே பழுக்குமே என்று அம்மையார் வியந்தார். ராஜாமணி அவர்களும் அந்தக் கணமே வியந்தார். அறிக்கையில் ஏறியது: 'கொல்லுப் பட்டறை உட்பட இக்கிராமத்துக்கு இனி நிலக்கரித் தேவை எழாது.' மாயவனுக்கு மாலை போட்டு, அந்தப் பெட்டியையே இலவசமாகக் கொடுத்தார்கள். கிராமம் முழுக்கக் கை தட்டியது. நாளைக்குக் கரி வரும் என்று அவன் சொல்லி வைத்திருந்தான்.

மறுநாள் பர்மிட்டுக்குப் போனவனிடம் ராஜாமணி அவர்கள் அறிக்கையைப் படித்துக் காட்டினார். அவருக்கும் வருத்தம்தான்.

"நான் என்னய்யா பண்றது? நீதானே அந்தம்மாகிட்ட சூரியன்ல வெந்துச்சுன்னு சொன்ன?"

மாயவன் அரசாங்கத்தை மதிக்கிறவன். நாலு உளியைப் பெட்டியில் வைத்துக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பி வெயில் காட்டினான். நாலாம் நாள் தொட்டுப் பார்த்தான். கோழி எழுந்துபோன முட்டை அளவுக்குச் சூடு இருந்தது.

மூன்று வாரம் போயிற்று. மொண்ணை உளியால் ஒருவன் நாள் முழுக்க அடித்தாலும் பாதிக் கல்தான் பெயரும். பாதிக் கல்லுக்குப் பாதிக் கூலி. பதினொரு பேர் ஓசூருக்குக் கட்டட வேலைக்கு லாரி ஏறிவிட்டார்கள். இருந்தவர்கள் பட்டறை வாசலில் வந்து நின்று, கரி எங்கே என்று கேட்கக்கூட இல்லை. உளிகளை மட்டும் மண்ணில் வைத்துவிட்டுப் போனார்கள். மாயவனுக்கு அது ஏசுவதைவிட வலித்தது. பல வூடுகளில் அடுப்பு ஒரு வேளைதான் எரிந்தது. ஊரில் புகை நிஜமாகவே குறைந்தது என்பதை இங்கே நன்றியோடு பதிவு செய்யவேண்டும். திட்டம் வெற்றி.

வெற்றி என்றால் கல்வெட்டு வேண்டும். 'நிலக்கரியைத் துறந்த முதல் கிராமம்' என்று ஆறடிக் கருங்கல்லில் வெட்டி ஊர் முகப்பில் நடச் சென்னையிலிருந்து உத்தரவு வந்தது. கல்லும் ஆளும் அந்த ஊரிலேயே இருப்பதால் சிக்கனம். ராஜாமணி அவர்கள் வாசகத்தை எடுத்துக்கொண்டு பாறைமேட்டுக்கு வந்தார். கல்லுடைக்கிறவர்கள் அவரைப் பட்டறைக்குக் கூட்டி வந்தார்கள். அங்கே நானூறு உளி மொண்ணையாகக் குவிந்து கிடந்தது.

"எழுத்து வெட்றதுன்னா நுனி ஊசியா இருக்கணுங்க. அதுக்கு..." என்று ஆரம்பித்து மாயவன் நிறுத்திக்கொண்டான். மீதியை உலை சொன்னது. அதற்குள் ஒரு பூனை படுத்திருந்தது.

திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. ராஜாமணி அவர்கள் பேனாவை எடுத்தார்.

"எத்தனை மூட்டைய்யா?"

"கல்லுல எத்தனை பேரோட பேருங்க போடறீங்க?"

இயக்குநர், இணை இயக்குநர், துணை இயக்குநர், குழு உறுப்பினர்கள், தான் என்று விரல் விட்டு எண்ணி, பதினாறு என்றார். படிச்ச படிப்பையும் போடறீங்களா என்று மாயவன் மரியாதையாகக் கேட்டான். போடாமல் இருக்க முடியுமா? அப்போ நல்ல பெரிய எழுத்தா, ஆழமா வெட்டிரலாங்க, இருபது மூட்டை ஆகும் என்றான். அவர் எழுதினார்: 'கரி ஒழிப்புக் கல்வெட்டுக்குத் தேவையான கரி. அவசரம்.'

டிப்போவில் அப்துல் சுபான் பாய் அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மூன்றாவது தடவை படித்தார்.

"மாயவா, இன்னும் ரெண்டு ஊரு கரிய வுட்டுட்டா நம்ம டிப்போ எங்கியோ போயிரும்ப்பா" என்றார்.

அன்றைக்கே உலை எரிந்தது. நானூறு உளியும் காய்ந்தன. பத்து உளி கல்வெட்டுக்குப் போக மற்றதெல்லாம் பாறைக்குப் போயிற்று. எழுத்து வெட்டுகிறவர்கள் கலைஞர்கள். ஒரு நாளைக்கு இரண்டு எழுத்துக்குமேல் வெட்ட மறுத்துவிட்டார்கள். கல்வெட்டு முடியும்வரை மாதாமாதம் பர்மிட் நீட்டிக்கப்பட்டது.

பதினாறாவது பெயர், அதாவது ராஜாமணி அவர்களின் பெயர் ஒருவழியாக வெட்டி முடிந்த அன்று, அவர் கல்லைத் தடவிப் பார்த்துப் பூரித்துப்போனார். கீழே ஒரு சாண் இடம் மிச்சம் இருந்தது. அவருக்கு மனசு இளகிவிட்டது.

"உன் பேரையும் போட்டுரலாமாய்யா? நீதானே சோறு சூரியன்ல வெந்துச்சுன்னு சாட்சி சொன்னவன்."

மாயவன் கையிலிருந்த கரியை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"வேண்டாங்க சார். நான் சொன்னது நாப்பது வூட்டுச் சோத்துக்காகச் சொன்ன சின்னப் பொய்யி. கல்லுல வெட்டற அளவுக்கு அது பெருசில்லீங்க."