புளி போட்டு விளக்கிய கார்

சொன்ன வேலையைச் சொன்னபடி மட்டும் செய்ய எனக்கு வராது. கூடுதலாக ஒன்றைச் செய்து, எல்லாவற்றையும் சேர்த்துக் கெடுத்தால்தான் திருப்தி. (என் வீட்டுக்காரர் இதைப் படித்தால் பலமாகத் தலையாட்டுவார்.)

அண்ணன் பம்பாய் வடாலாவில் சின்ன காரேஜ் வைத்திருந்தான். அப்பா டாக்ஸியாக ஓட்டிய பழைய பத்மினி கார் அங்கேதான் கிடந்தது. தனக்கு ஈரலில் வியாதி என்று தெரிந்த பிறகு அண்ணனுக்கு ஒரே பிடிவாதம். தீபாவளிக்குள் காரைச் சரிசெய்து, அண்ணியை உட்காரவைத்து, தன் கையாலேயே செம்பூர் முருகன் கோயிலுக்கு ஓட்டிப் போக வேண்டும். இன்ஜின் தயார். பானெட், கதவு, மட்கார்டு எல்லாம் பழைய பெயிண்டைச் சுரண்டி வெறும் தகடாக நின்றன. பெயிண்டுக்கு அடியில் பூசும் பிரைமர் அடிப்பதற்குள் அவன் ஆஸ்பத்திரியில் சேர வேண்டியதாகிவிட்டது.

"ஏட்டி, நான் வார வரைக்கும் தகட்ட ஆயில் துணியால தொடச்சு மூடி வச்சிரு. பம்பாய் காத்துக்கு ஒரே நாள்ல துரு ஏறிரும். தண்ணி மட்டும் படப்பிடாது, கேட்டியா" என்றான்.

"செரிண்ணே" என்றேன். நடுவில் ஆயுத பூஜை வந்தது. எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும் காருக்கா பொட்டு வைப்பது? சோப்புத்தூள் போட்டு ஆயிலைக் கழுவினேன். பிறகு குத்துவிளக்கை விளக்குவதுபோலப் புளியும் உப்பும் கரைத்து, தேங்காய் நாரால் ஒரு இண்டு இடுக்கு விடாமல் தேய்த்தேன். தகடு தகதகவென்று மின்னியது. சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் சாத்தி, போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். (குற்றவாளியே சாட்சியத்தையும் அனுப்பிவைத்த வழக்கு இது ஒன்றாகத்தான் இருக்கும்.)

உடனே போன் வந்தது. "என்னத்தட்டி போட்டுத் தேச்ச?"

"புளியும் உப்பும்ணே. எப்படி மின்னுது பாத்தியா?"

"ரசமா வைக்கப் போற?" என்றான்.

மறுநாள் காலையில் கார் முழுக்கச் செங்கல் நிறத்தில் துரு. வீடு திரும்பிய அண்ணன் அதைப் பார்த்து இருமல் வரும்வரை சிரித்தான். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

"அழாதட்டி. அந்த உப்புத்தாள எடு" என்றான்.

பத்து நாள் நின்றுகொண்டே தேய்த்தான். என்னைத் தொடவிடவில்லை. தீபாவளிக்குக் கார் தயாராகிவிட்டது. ஆனால் கிளட்சை மிதிக்க அவன் காலில் வலு இல்லை. அவன் மகள் செல்வி ஓட்ட, அவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கோயிலுக்குப் போனான். பொங்கலுக்கு அவன் இல்லை.

இப்போது எங்கள் வீட்டில் யார் குக்கரைத் தேய்த்தாலும், "அத்தை கண்ணுல புளி டப்பாவக் காட்டிராதீங்க" என்பாள் செல்வி. அண்ணி சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே பிரைமர் அடிக்க முடிந்திருந்தால், காலில் வலு இருந்தபோதே அவன் காரை ஓட்டியிருப்பான். இதை அண்ணி ஒருநாள்கூட என்னிடம் சொன்னதில்லை. ஒருமுறையாவது சொல்லித் திட்டியிருக்கலாம்.