என் மூக்கு கைவிட்ட கெமிஸ்ட்ரி ப்ராக்டிகல்

இன்னைக்கு எனக்கு ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி ப்ராக்டிகல், மக்களே.

வேலை ரொம்ப சிம்பிள். குடுத்த உப்பு என்ன உப்புன்னு கண்டுபிடிக்கணும். அவ்ளோதான்.

ப்ளஸ் ஒன்ல கெமிஸ்ட்ரியில நான் எடுத்த மார்க்கை எங்கம்மா இன்னும் சொந்தக்காரங்க யார்கிட்டயும் சொல்லலை. நர்சிங் சீட் வேணும்னா இந்த ப்ராக்டிகல்தான் கைகுடுக்கணும். அதனால எல்லா டெஸ்ட்டையும் உருப்போட்டுட்டுப் போனேன். அழுகின முட்டை வாசனை வந்தா சல்ஃபைடு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்!

டெஸ்ட் ட்யூப்ல உப்பைப் போட்டேன். ஆசிட் ஊத்தினேன். கையால விசிறி மோந்து பார்த்தேன்.

ஒண்ணும் இல்லை.

'வாசனை இல்லை'ன்னு கொட்டை எழுத்துல எழுதினேன். அடுத்த டெஸ்ட்டு. கார்பனேட் இல்லை. குளோரைடு இல்லை. சல்ஃபேட்டும் இல்லை. உலகத்துலயே எதுவுமே இல்லாத உப்பு எனக்குத்தான் வந்திருக்கு! வேர்த்துக் கொட்டிடுச்சு.

பக்கத்து டேபிள்ல எங்க தெரு ஷீபா. ட்யூபை அவகிட்ட நீட்டினேன்.

"ஏய், இன்னா வாசனைடி வருது?"

"எப்பவும் வர்றதுதான்டி. பேசாம இரு, மாட்டிக்கப்போறோம்."

அதுக்குள்ள நெமிலியிலேர்ந்து வந்த எக்ஸ்டர்னல் சார், கர்ச்சீப்பால மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடி வந்தார்.

"இன்னாம்மா இது, நாத்தம் தாங்கலை! ஜன்னலைத் திற!"

திறந்தேன். ஸ்கூலுக்குப் பின்னாடிதான் டேனரி. தோல் ஊறவெச்ச தண்ணி ஓடுற கால்வாய், ஜன்னலுக்கு நேரா. நாத்தம் இன்னும் ஜாஸ்தி ஆயிடுச்சு.

"மூடு! மூடு!"

மூடினேன். என் பேப்பரைப் பார்த்தார்.

"வாசனை இல்லையா? அழுகின முட்டை வாசனை வரலை உனக்கு?"

"இது எங்க ஊர் காத்து சார்."

"நக்கலா?"

சத்தியமா இல்லைங்க! எனக்கு அழுகையே வந்துடுச்சு. என்னைக் காப்பாத்த எங்க கெமிஸ்ட்ரி மிஸ் ஓடி வந்தாங்க. அவங்களும் இதே ஊர்தான். ட்யூபை வாங்கி மோந்தாங்க.

"பாவம் சார் பொண்ணு. எனக்கும் ஒண்ணும் வரலையே!"

சார் எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்தார். அப்புறம், சல்ஃபைடு வாயு பட்டா கறுத்துப்போற லெட் அசிடேட் பேப்பரை ட்யூப் வாயில காட்டச் சொன்னார். காட்டினதும் கன்னங்கரேல்னு ஆயிடுச்சு. பேப்பருக்கு இருக்கிற மூக்கு கூட எனக்கு இல்லை!

"சல்ஃபைடு சார்!"னு கத்தினேன்.

மனசு எரங்கி மார்க் போட்டார். போட்டுட்டு, அக்கறையா ஒண்ணு சொன்னார்.

"இது விஷ வாயும்மா. ரொம்ப நேரம் மோந்தா உடம்புக்கு ஆகாது. முதல்ல வீட்டுக்குக் கிளம்பு."

கிளம்பிட்டேன். எங்க வீடு அந்தக் கால்வாய் ஓரந்தான்.