மேத்யூ அண்ணன் கார்க் கண்ணாடி ஏறாத விவரம்

மாதா துணை

இராயபுரம்,
செவ்வாய்க்கிழமை

என் அண்ணன் பெற்ற ஒரே மகளும், அயர்லாந்து தேசத்தில் நர்ஸாக இருந்து வெள்ளைக்காரர்களின் உயிரைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருப்பவளுமாகிய கிறிஸ்டினாவுக்கு, சித்தப்பன் இக்னேஷியஸ் ஆசியோடு எழுதுவது. இங்கு நானும், உன் சித்தி லூர்துவும், உன் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதுவதுதான் முறை. மேலே மாதா பேரைப் போட்டுவிட்டதால் உயிரோடு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். வாட்ஸப்பில் நான் பேசி அனுப்புவதை நீ பாதியில் அணைத்துவிடுகிறாய் என்று லூர்து கண்டுபிடித்துச் சொன்னாள். கடிதத்தை அப்படி அணைக்க முடியாது, அதனால் பேனாவை எடுத்தேன்.

நிற்க. நீ அனுப்பிய தகவலை மூன்று தடவை படித்தேன். அம்மா போய் பதினாலு மாசமா அப்பா யார்கிட்டயும் பேசறதில்ல, சாயங்காலமானா அந்தப் பழைய கார்ல தனியாப் போய் உக்கார்றாரு, இடது பக்கக் கண்ணாடி ஏறாததால சாரல்ல நனைஞ்சு நெஞ்சுல சளி கட்டிடுச்சு, மாசக் கடைசிக்குள்ள கண்ணாடி ஏறலேன்னா காரைப் பழைய இரும்புக்குப் போட்டுடுங்க, அப்பாவைப் புழல் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துல சேர்த்துடலாம்னு எழுதியிருக்க. ஒரே தகவல்ல காரும் போச்சு, என் அண்ணனும் போயிட்டான். படிச்சிட்டு அன்னிக்கு எனக்கு மீன் இறங்கல. குழம்பு மட்டும் இறங்கிச்சு.

அது லேசுப்பட்ட கார் இல்லம்மா. எவனோ கப்பல்ல எடுத்து வந்து இறக்கிட்டு, கேட்க ஆளில்லாம ஹார்பர்ல துருப்பிடிச்சிக்கினு கிடந்து, ஏலத்துல உங்கப்பா எடுத்த வண்டி. சிவப்புக் கலரு, ரெண்டே சீட்டு, வயசு இருபத்தஞ்சு, உக்காந்தா ரோட்டு மேலயே உக்காந்த மாதிரி தாழ்வு. எடுத்த புதுசுல நான் ஓட்டிக்கினு எண்ணூர் வரைக்கும் எட்டே நிமிஷத்துல போனதும், வழியில போலீஸ்காரர் மடக்கி எனக்குக் கை குடுத்ததும் உனக்குத் தெரிஞ்ச கதைதான். வண்டிய எண்ணூர்லேர்ந்து தள்ளிக்கினு வந்தோம்னு உன் சித்தி சொல்லுவா. தள்ளினது திரும்பி வரும்போது மட்டும், அதுவும் பாதி தூரம்தான்.

இப்ப வியாதிக்கு வர்றேன். முதல் நாள் நான்தான் நாடி பாத்தேன். கண்ணாடி ஏத்தற சுச்சை அமுக்கும்போது வண்டிக்குள்ள இருக்கிற சின்ன லைட்டு மங்குதான்னு பாக்கணும். மங்கினா கரண்டு மோட்டார் வரைக்கும் போய் முட்டுதுன்னு அர்த்தம், மங்கலேன்னா நடுவழியில எங்கயோ நிக்குதுன்னு அர்த்தம். இத எனக்கு யாரும் சொல்லித் தரல. தண்டையார்பேட்டையில வண்டிங்களுக்கு வயரிங் பாக்கற ரஷீது பக்கத்துல நின்னு சொல்லிக்கினு இருந்தான், அவ்ளோதான். லைட்டு மங்கல. ஃபியூஸ புடுங்கி வெயில்ல எக்ஸ்ரே மாதிரி பிடிச்சுப் பாத்தேன், முழுசாத்தான் கீது. சரி, நம்ம கையில இல்லாத சமாச்சாரம்னு கோயிலுக்குப் போய்ப் புதுசா வந்திருக்கிற சின்ன சாமியாரக் கூட்டியாந்தேன். அவர் நல்லவர்தான், ஆனா கை சிக்கனம். கார் மேல நாலு சொட்டுத் தெளிச்சு ஜெபம் சொல்லிட்டுப் போயிட்டார். வியாதி உள்ள கீது, வெளிய தெளிச்சா இன்னா ஆவறதுன்னு மிச்சத் தீர்த்தத்த பாட்டிலோட சாய்ச்சு சுச்சு மேலயே ஊத்தினேன். ரெண்டு சீட்டுக்கும் நடுவுலதான் அந்த சுச்சுங்க கீது. ஊத்தின நிமிஷம் ஆரன் தானா அடிக்க ஆரம்பிச்சு, இருபது நிமிஷம் நிக்காம அடிச்சுது. தெருவுல எல்லாரும் ஏதோ சாவுன்னு வெளிய வந்து நின்னுட்டாங்க. ரஷீது பேட்டரி வயரக் கழட்டிட்டு, "மாமு, நீ தண்ணிய எடுத்துக்கினு தள்ளி நில்லு"ன்னான். தீர்த்தத்தைத் தண்ணின்னு சொன்னதுக்கு அவன மன்னிச்சு விட்டுட்டேன், வேல தெரிஞ்சவன் ஆச்சே.

மறுநாள் இடது சுச்சையும் வலது சுச்சையும் மாத்திப் போட்டுப் பாத்தோம். சுச்சு மேல தப்பு இருந்தா தப்பும் கூடவே வலது பக்கம் போவணும். போவல. அப்புறம் கதவோட உள் அட்டையக் கழட்டி, பேட்டரிலேர்ந்து நேரா மோட்டாருக்கு வயர் குடுத்தான் பாரு, கண்ணாடி ஜம்முனு ஏறிச்சு! தெருவே கை தட்டிச்சு. மோட்டார் மேலயும் குத்தமில்ல. வயரையெல்லாம் சேத்து மாட்டினதும் சுச்சுக்கும் கட்டுப்பட்டுச்சு. உனக்கு நல்ல சேதி அனுப்பலாம்னு போன எடுத்தேன். மறுநாள் காலையில பாத்தா கண்ணாடி கீழ கீது, சுச்சு செத்துக் கீது.

அன்னிலேர்ந்து இதே பேஜாரு. சாயங்காலம் ஏறும், காலையில இறங்கிக் கிடக்கும். எண்ணூர் அனல் மின் நிலையச் சாம்பல் தூசின்னு ஒரு நாள் சொன்னேன். கடல் உப்புக் காத்துன்னு ஒரு நாள் சொன்னேன். கூட்ஸ் ரயிலு போறப்ப அதிர்வுல இறங்குதுன்னு சொன்னப்ப ஒருத்தனும் மறுத்துப் பேசல. திருவொற்றியூர்ல ஃபிரிட்ஜு ரிப்பேர் பண்ற ஜெயவேலு, கதவு திரும்புற கீல் பக்கம் ரப்பர் குழாய்க்குள்ள வயர் அறுந்து அறுந்து ஒட்டுதுன்னு ஒரு பெரிய ஆராய்ச்சியோட வந்தான். நாலு மணியானா காரச் சுத்திப் பத்து பேரு. லூர்து நெத்திலி வறுத்து, டீ போட்டுக் குடுத்து அலுத்துப் போயிட்டா.

இதுல உங்கப்பா தொல்லை வேற. டார்ச்சு லைட்டப் பிடிங்கண்ணேன்னு ரஷீது அவர் கையில குடுத்தான். நாலாவது நாள் ஜெயவேலு மோட்டார் ஸ்க்ரூவத் திருகறான், உங்கப்பா திடீர்னு, "டேய் பேமானி, அது ஸ்டார் ஸ்க்ரூடா, மொட்டையாக்காதடா!"ன்னு கத்தினார். பதினாலு மாசம் கழிச்சு வாயத் தொறந்து சொன்ன முதல் வார்த்தை பேமானி. அன்னிலேர்ந்து நான் சொல்ற ஒவ்வொண்ணுக்கும் குறுக்கே பேச்சு. ரஷீது, "இன்னா மாமு, ஹார்பர்ல நீ இன்னா வேல பாத்த?"ன்னு கேட்டான். கிரேனு வேலன்னேன். "கிரேன ஓட்னது நானு. இவன் கீழ நின்னு கை காட்னான்"னு பத்து பேருக்கு முன்னால மானத்த வாங்கிட்டார். கை காட்றது சும்மாவா? நான் கை காட்டினதப் பாத்து ஒரு நார்வே கப்பல் கேப்டன் தொப்பியக் கழட்டியிருக்கான். சரி, பெரியவரு, விட்டுட்டேன்.

எழுத எழுத மனசு கனமாத்தான் கீது. நம்ம சந்துல பாதி வூடு பூட்டிக் கீது. எல்லாரும் மீஞ்சூர் பக்கம் போயிட்டாங்க. பொழுதானா நாயி கூட மெயின் ரோட்டுக்குப் போயிடுது. உங்கம்மா இருந்த வரைக்கும் அந்த வாசல்ல எப்பவும் நாலு செருப்பு கிடக்கும். கண்ணாடி விஷயம் என் கணக்குப்படி ஆழமான வியாதி. மேல் நாட்டுல கூட இத நாலஞ்சு பேருதான் பாத்திருப்பாங்க. ஈஸ்டர் வரைக்கும் தவணை குடு. அதுக்குள்ள காரையும் அண்ணனையும் எங்கயும் அனுப்பிடாத.

நீ நல்லா சாப்பிட்டு, குளிருக்குத் தலையில துணி கட்டி, நீ பாக்கற நோயாளிங்க எல்லாரும் உன் கையால எழுந்து நடந்து, மாதா உன்னைத் தன் முந்தானைக்குள்ள வைத்துக் காப்பாளாக என்று வாழ்த்தும்,

உன் சித்தப்பன்
ஏ. இக்னேஷியஸ்
துறைமுகக் கிரேன் நிபுணர் (ஓய்வு)

பி.கு.: உன் சித்தி இதையெல்லாம் படிச்சிட்டு, "தாயில்லாத பொண்ணுக்குப் பொய் எழுதறியே, வெக்கமா இல்ல?"ன்னு பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்துகினு கீறா. அதனால எழுதறேன். கார்ல ஒரு கோளாறும் இல்ல. மோட்டாருக்குப் போற சாக்கெட்டு முதல்ல லூசா இருந்துச்சு, அத ரஷீது ரெண்டாம் நாளே சரி பண்ணிட்டான். எட்டாம் நாள் விடியக்காலைப் பூசை முடிஞ்சு வர்றேன். உங்கப்பா சாவியப் போட்டுக் கண்ணாடிய இறக்கிட்டு, முட்டி போட்டு, கதவுக்குள்ள முழங்கை வரைக்கும் விட்டு அந்த சாக்கெட்டப் புடுங்கிக்கினு கீறாரு. ரஷீதுகிட்ட ஓடிப் போய்ச் சொன்னேன். "மூணாம் நாளே தெரியும் மாமு, தானாக் கழண்ட வயரு இவ்ளோ நீட்டா இருக்குமா?"ன்னான். அப்புறம் ஏண்டா தினம் வந்து மண்டைய உடைச்சிக்கிறன்னு கேட்டேன். "அண்ணன் இன்னிக்கு யாரத் திட்டுவாருன்னு பாக்க வர்றேன்"னான். ஜெயவேலுக்கும் தெரியும். உனக்கு மட்டும்தான் தெரியாது. எனக்கும் நாலு மணிக்கு வேற வேல கிடையாதும்மா. மழைக்குத் தார்ப்பாய் கட்டியாச்சு, அவர் நனையறதில்ல, சளியும் இறங்கிடுச்சு. நீ போன் பண்ணினா கண்ணாடி ஏறிச்சான்னு கோவமாவே கேளு, தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத.

அன்னிக்குக் காலையில என்னப் பாத்ததும் உங்கப்பா எழுந்து கையத் துடைச்சிக்கினாரு. நான் கோயில் பக்கம் பாக்கற மாதிரி திரும்பி நின்னேன். அவர்தான் கேட்டாரு, "ரஷீது எத்தன மணிக்கு வர்றான்?" நாலு மணிக்குன்னேன்.

"சீக்கிரம் வரச் சொல்லு"ன்னாரு.